கோலாலம்பூரில் தேவாலய அறநிறுவனங்கள் நடத்தும் பகல் மையம் என்பது என்ன? வீடற்றவர்களுக்குச் சோறு மட்டும் போதாதா?

பகல் மையம் என்பது தெருவில் படுப்பவர்கள் பகலில் வந்து குளிக்க, துணி துவைக்க, சாப்பிட, ஒரு சமூகப் பணியாளரிடம் உட்கார்ந்து பேச உள்ள இடம். தங்கும் விடுதி அல்ல.

சோறு போதாது. பெரும்பாலும் சிக்கல் ஐ.சி. எனப்படும் அடையாள அட்டையில்தான். பை திருடுபோனால் அதுவும் போகும். பிறகு முறையான வேலை, வங்கிக் கணக்கு, நல உதவி எதுவும் நகராது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே விட்ட மாதிரிதான்: ஐ.சி. எடுக்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு ஐ.சி. வேண்டும். அதனால் பணியாளர் கூடவே போவார். முதலில் போலீஸ் புகார், பிறகு தேசியப் பதிவு இலாகா. வழிப்பறியில் போனது என்று புகாரில் இருந்தால் தொலைத்ததற்கான அபராதம் கிடையாது. தனியாக அனுப்பினால், முகவரி கேட்டதுமே பலர் திரும்பிவிடுவார்கள்.

அடுத்தது கால். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு, மழையில் நனைந்த செருப்பு உரசிப் புண்ணானதே தெரியாது. குளித்து வந்ததும் விரலிடுக்கைத் துடைத்துப் பார்த்து, புண்ணை மருத்துவ உப்புநீரால் கழுவி, உலர்ந்த கட்டுப் போட வேண்டும். இன்சுலின் மையத்துக் குளிர்பெட்டியில் இருப்பதே நல்லது. 30 பாகை செல்சியஸைத் தாண்டிய வெயிலில் பைக்குள் கிடந்தால் வீரியம் குறைந்துவிடும்.

சிலர் வாரக்கணக்கில் பெயரே சொல்லமாட்டார்கள். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒருவரை 3 ஆண்டு வரை நல இல்லத்தில் வைக்கலாம், அந்தப் பயம். அவசரப்படுத்தவே கூடாது.

சாப்பிட வந்தால் ஜெபத்தில் உட்கார வேண்டும், மதம் மாறச் சொல்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் மையத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை, முஸ்லிம்களும் வருவதால் சமையலும் ஹலால்தான்.