அரசர் கையொப்பமிட்ட ஆவணங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், விடுதலையான போர்க் கைதி ஒருவருக்கு 1918-இல் பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து கைப்பட எழுதிய கடிதம் எங்களிடம் உள்ளது. அசலா?

பதில்: மன்னரின் கையெழுத்தைக் கல்லச்சில் படியெடுத்து, மீண்டு வந்த கைதிகளுக்கு வழங்கிய கடிதம் அது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். பேனாவால் எழுதியதென்றால் கோடுகள் குறுக்கிடும் இடங்களில் மை அடர்ந்து தெரியும். உங்கள் தாளில் ஒரே சீரான நிறம்தான் இருக்கும். அந்த வீரரின் நினைவாகப் போற்றிக் காப்பாற்றுங்கள். மன்னரின் கையொப்பம் என்று சொல்லி விற்க வேண்டாம்.

கேள்வி: 1875-ஆம் ஆண்டின் படை நியமன ஆணை ஒன்றில் விக்டோரியா அரசியின் பெயர் முத்திரை குத்தியதுபோல் இருக்கிறது. போலியா?

பதில்: அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். கையொப்பத்துக்குக் காத்திருந்த ஆணைகள் ஆயிரக்கணக்கில் தேங்கியதால், ஒவ்வொன்றிலும் அரசியே ஒப்பமிட வேண்டியதில்லை என்று 1862-இல் சட்டம் இயற்றினார்கள்.

கேள்வி: படம் இணைத்துள்ளேன். என்ன விலை பெறும்?

பதில்: எந்த அரசர், எந்த ஆண்டு, தாளா தோல்தாளா, பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற நான்கில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. படத்திலும் கையொப்பம் மட்டுமே தெரிகிறது. பலமுறை சொல்லிவிட்டேன்: முழு ஆவணத்தையும், இரு பக்கமும் காட்டுங்கள்.

கேள்வி: மூன்றாம் ஜார்ஜ் ஒப்பமிட்ட படை நியமன ஆணை, தோல்தாள், மிகப் பெரியது. கையொப்பத்தை மட்டும் நறுக்கி, மன்னரின் படத்தோடு சட்டமிடலாமா?

பதில்: கூடாது. கத்திரியைத் தொடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்பங்களை நிரப்புவதற்காக இப்படி நறுக்கி அழித்த ஆவணங்களுக்குக் கணக்கே இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சில ஆண்டுகளுக்குமுன் என்னிடம் வந்த ஒரு துண்டு நான்கு விரல் அகலம்கூட இல்லை. மேலே ‘ஜார்ஜ் ஆர்.’ என்ற ஒப்பம் (‘ஆர்.’ என்பது ‘ரெக்ஸ்’, அதாவது மன்னர்). கீழே, வாசகத்தின் முதல் வரியில் எழுத்துகளின் மேற்பாதி மட்டும் எஞ்சியிருந்தது. பின்பக்கம் முழுவதும் அட்டையோடு பசை பிடித்து இறுகியிருந்தது. அந்த ஆணை எந்த அதிகாரிக்கு, எந்தப் படைப்பிரிவில், எந்த நாளில் வழங்கப்பட்டது என்பதை இனி யாராலும் சொல்ல இயலாது.

இழப்பு வரலாற்றுக்கு மட்டுமன்று. மூன்றாம் ஜார்ஜ் நோயினால் ஆளும் திறன் இழந்தபின், 1811 முதல் 1820-இல் அவர் இறக்கும் வரை, அவருடைய மகனே தந்தையின் பெயரால் ஆட்சி நடத்தி ‘ஜார்ஜ் பி.ஆர்.’ (‘பிரின்ஸ் ரீஜன்ட்’, அதாவது மன்னருக்குப் பதிலாக ஆளும் இளவரசர்) என்று ஒப்பமிட்டார். ஆகவே 1815 என்று தேதியிட்ட ஆணையில் ‘ஜார்ஜ் ஆர்.’ என்று கண்டால் உடனே ஐயம் எழ வேண்டும். தேதியையே நறுக்கி எறிந்துவிட்டால் எதைக் கொண்டு சோதிப்பது? ஓரத்து முத்திரையும், அடியில் அமைச்சர் இட்ட எதிர்க்கையொப்பமும் உங்கள் ஆவணத்துக்குச் சாட்சிகள். சாட்சிகளை வெட்டி எறிந்த கையொப்பத்தை விவரம் தெரிந்தவர் நல்ல விலைக்கு வாங்கமாட்டார். சுவரில் இடம் இல்லையென்றால் அமிலமற்ற உறையில் விரித்து வையுங்கள்.

கேள்வி: தோல்தாள் சுருங்கி நெளிந்துள்ளது. இஸ்திரி போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், சூடு பட்டால் தோல் சுருங்கிவிடும், அதை மீட்க முடியாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதத்தில் நிலையாக இருக்கும் இடத்தில் வையுங்கள். நெளிவை நீக்குவது ஆவணப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. வெயில் படும் சுவரும் ஆகாது.

கேள்வி: பெரிய அரக்கு முத்திரை தொங்கும் அரச சாசனம், கையொப்பமே இல்லை. மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்தின் பெருமுத்திரை இட்ட சாசனங்களுக்கு முத்திரையே சான்று. 1215-இன் மகா சாசனத்திலும் ஜான் மன்னர் கையொப்பமிடவில்லை.

கேள்வி: எட்டாம் எட்வர்டு கையொப்பம் உண்மையிலேயே அரிதா?

பதில்: மன்னராக இட்டதென்றால் அரிதுதான். 1936-இல் அவர் ஆண்டது 11 மாதங்களுக்கும் குறைவு. இளவரசராக இருந்தபோது ‘எட்வர்டு பி.’ என்று ஒப்பமிட்டார், ‘ஆர்.’ அல்லது ‘ஆர்.ஐ.’ (‘ரெக்ஸ் இம்பெராட்டர்’, மன்னரும் பேரரசரும்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பதினான்காம் லூயியின் கையொப்பம் வாங்கப் போகிறேன். எச்சரிக்கை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. மன்னரின் கையெழுத்தைப் போலவே எழுதும் உரிமை பெற்ற செயலாளர்கள் அவருக்கு இருந்தார்கள்; அவர்களுள் துசேன் ரோஸ் புகழ்பெற்றவர். ‘லூயி’ என்று இருப்பதாலேயே அது மன்னரின் கை ஆகிவிடாது. முழு ஆவணத்தையும் பார்த்தபின் பணம் கொடுங்கள்.