பழந்தாளில் பிள்ளைகள் தைக்கும் ஏடு: கேள்வி பதில்

வீட்டில் கழித்துப் போடும் தாள்களை மடித்துத் தைத்துப் பிள்ளைகள் உருவாக்கும் ‘ஜங்க் ஜர்னல்’ குறித்த ஐயங்களுக்கு ஓவிய ஆசிரியை ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. ஏட்டை அவளே தைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஏ4 தாள்கள் ஐந்தை அடுக்கி நடுவில் மடித்தால் 20 பக்கங்கள் கிடைக்கும். மேலட்டைக்குப் புடவைப் பெட்டியின் அட்டை போதும். மடிப்பின் நடுவில் ஒன்றும், மேலும் கீழும் ஓரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்றுமாக மூன்று துளைகளை நீங்களே இட்டுக் கொடுங்கள். அவள் நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளை வழியாக உள்ளே வாங்கி, கீழ்த்துளையில் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவரட்டும். உள்ளே நீளமாக ஓடும் நூலின் இருபுறமும் நுனிகள் நிற்கும்படி முடிச்சிட்டால் ஏடு நெகிழாது.

கேள்வி: என் பாட்டி மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார். நாமும் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்க அதைச் சேர்த்தார்கள். ஆனால் அது காப்பர் சல்பேட் என்னும் நச்சுப்பொருள், பிள்ளைகளின் விரலோ எளிதில் வாய்க்குப் போகும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் காய்ச்சி, அன்றன்றே பயன்படுத்திவிடுங்கள்.

கேள்வி: ஒட்டிய பேருந்துச் சீட்டுகளில் எழுத்தே மறைந்துவிட்டது. ஏன்?

பதில்: கையடக்க இயந்திரம் தரும் சீட்டில் மை கிடையாது, தாளின் மேற்பூச்சு சூடுபட்டுக் கறுப்பதே எழுத்தாகத் தெரிகிறது. வெயிலும் எண்ணெயும் சில பசைகளும் அதை மங்கச் செய்யும். பயணம் முடிந்த அன்றே நகலெடுத்து, அந்த நகலை ஒட்டுங்கள். இவ்வகைத் தாள்கள் பலவற்றில் உடலுக்குக் கேடு செய்யக்கூடிய பிஸ்பீனால் என்னும் வேதிச் சேர்மங்கள் இருப்பதால், மூலச்சீட்டை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் தர வேண்டாம்.

கேள்வி: என் மகன் எல்லாவற்றையும் கோணலாக ஒட்டுகிறான். திருத்தலாமா?

பதில்: தயவுசெய்து திருத்தாதீர்கள். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1919 முதல் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் ஓவியர் டிராம் சீட்டுகளையும் குப்பைத் தாள்களையும் ஒட்டியே படைப்புகளை உருவாக்கினார். அவற்றிலும் தாள்கள் சாய்ந்தும் ஒன்றையொன்று மறைத்தும்தான் கிடக்கின்றன. பெற்றோர் எடுத்து நேராக்கிய பக்கத்தைப் பிள்ளைகள் பிறகு புரட்டுவதே இல்லை என்பதை என் வகுப்பில் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். அந்தத் தாளை எங்கே எடுத்தான், ஏன் வைத்துக்கொண்டான் என்று மட்டும் கேட்டு, அவன் சொல்வதை அவன் சொற்களிலேயே, தேதியிட்டுப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.