முன்னால் செம்மஞ்சள், பின்னால் 12.5 கிராம்: யார் மீது முறைப்பாடு செய்வது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். கணவருக்குச் சீனி வருத்தம். "சிவப்பு வட்டம் போட்ட சாமான் வாங்காதீங்க" என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து வட்டத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். போன மாதம் எங்கள் சந்திக் கடையில் 250 மி.லீ. மாம்பழப் பானம் ஒரு டசின் வாங்கினேன். முன்பக்கம் செம்மஞ்சள் வட்டம். பாதி முடிந்த பிறகு மகன் பின்பக்க அட்டவணையை வாசித்தான். 100 மி.லீ.க்கு 12.5 கிராம் சீனி என்று இருக்கிறது. அதே கடையில் வாங்கிய வெளிநாட்டு பிஸ்கட்டில் வட்டமே இல்லை. அதில் "30 கிராமுக்கு 7 கிராம் சீனி" என்றிருக்கிறது. 8 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை என்று கேள்விப்பட்டேன், அது சரியா? கடைக்காரர் எனக்கு மாமா முறை. கேட்டால், "கம்பனிக்காரன் கொண்டு தாறதத்தான் நான் விக்கிறன் மகள்" என்கிறார். மகன் பேஸ்புக்கில் போடுவேன் என்று நிற்கிறான். மாமாவுக்குப் பிரச்சினை வராமல் கம்பனி மீது நடவடிக்கை எடுக்க முடியுமா? காசு திரும்பக் கிடைக்குமா? கணவரின் சீனி ஏறியதற்கு நட்டஈடு கேட்கலாமா?

பதில்: தங்கைக்கு, முதலில் ஒரு வேண்டுகோள். மிச்சமிருக்கும் பானப் போத்தல்களில் இரண்டையாவது திறக்காமல் எடுத்து வையுங்கள். வட்டம், அட்டவணை, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி நான்கும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு மேலே வாசியுங்கள்.

அந்த வட்டம் கம்பனி விருப்பப்பட்டுப் போடும் அலங்காரம் அல்ல. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2016இல் குளிர்பானங்களுக்கும் பழப் பானங்களுக்கும் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மி.லீ.யில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். அதற்குக் கீழ் பச்சை. பிரித்தானியாவிலும் இதே மாதிரி வீதிச் சமிக்ஞை நிறங்கள் உண்டு, ஆனால் அங்கே போடுவதும் விடுவதும் கம்பனியின் இஷ்டம். நம் நாட்டில் அது சட்டம். இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களுக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

உங்கள் போத்தலின் அட்டவணை சொல்லும் 12.5 கிராம் உண்மையானால் வட்டம் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். வட்டம்தான் சரியென்றால் அட்டவணை பொய். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. உங்கள் முறைப்பாட்டின் பலமே இதுதான். உணவுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உணவின் தன்மை, தரம், உள்ளடக்கம் பற்றிப் பிழையான எண்ணத்தை உண்டாக்கக்கூடிய விதத்தில் அதற்கு லேபல் இடுவதையும், பொதி செய்வதையும், விற்பதையும், விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. வழமையான கலப்பட முறைப்பாடென்றால் மாதிரி எடுத்து, பகுப்பாய்வுக்கு அனுப்பி, அறிக்கைக்குக் காத்திருந்து காலம் போகும். இங்கே முரண்பாடு போத்தலிலேயே அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

"பின்பக்கத்தில் உண்மையைத்தானே எழுதியிருக்கிறோம், வாசித்திருக்கலாமே" என்று கம்பனிச் சட்டத்தரணி வாதாடுவார். நானும் அந்தப் பக்கம் நின்றால் அதைத்தான் சொல்லிப் பார்ப்பேன். ஆனால் அந்த வாதம் நிற்காது என்பது என் கணிப்பு. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை, முன்னால் கடை இறாக்கை. இந்த நிலையில் யார் கடுகெழுத்து அட்டவணையை வாசித்துக் கணக்குப் பார்க்கிறார்கள்? வாசிக்க மாட்டார்கள் என்பதால்தான் முன்பக்கத்தில் நிறம் வேண்டுமென்று ஒழுங்குவிதி வந்தது. சிலி நாட்டில் 2016இல் சீனி, உப்பு, கொழுப்பு கூடிய பொதிகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கினார்கள். சிறுவர்களுக்கான விளம்பரத்தையும் கூடவே கட்டுப்படுத்தினார்கள். அதன் பிறகு சீனி கூடிய பானங்கள் வீடுகளுக்கு வாங்கப்படும் அளவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். பின்பக்க அட்டவணையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அப்படி நடக்கவில்லை. முன்பக்கம் பார்த்து முடிவெடுக்கும் உங்களைப் போன்றவர்தான் இந்தச் சட்டம் மனதில் வைத்த பாவனையாளர்.

அதே காரணத்தால் கம்பனிகளுக்கும் வட்டத்தின் மீது ஒரு கண். 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு என்றால், தாண்டாமல் விளிம்பில் நிற்கத்தான் பார்ப்பார்கள். சீனியை உண்மையாகவே குறைத்து நின்றால் நல்லது, அதற்காகவும்தான் சட்டம். ஆனால் கணவருக்காக வாங்குகிறீர்கள் என்பதால் சட்டத்துக்கு வெளியே ஒரு சொல்: செம்மஞ்சள் என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. 10 கிராம் சீனியுள்ள பானத்தின் வட்டம் சரியாகவே செம்மஞ்சளாக இருக்கும். அதில் 400 மி.லீ. போத்தல் ஒன்றைக் குடித்தால் 40 கிராம், ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி சீனி. வட்டம் 100 மி.லீ.க்குத்தான் பேசுகிறது, போத்தலுக்கு அல்ல. அந்தப் போத்தல் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிற்காது, ஆனால் சீனி வருத்தக்காரருக்கு அது கூடாது.

இந்த 100 கணக்கில்தான் பிஸ்கட் விஷயத்தில் நீங்கள் தடுக்கி விழுந்திருக்கிறீர்கள். திண்ம உணவுகளுக்கு 2019இல் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறக்குறியீடு வந்தது. சீனி 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சிவப்பு, 8 முதல் 22 வரை செம்மஞ்சள், 8க்குக் கீழ் பச்சை. உப்புக்கு 1.25 கிராமுக்கு மேலும், கொழுப்புக்கு 17.5 கிராமுக்கு மேலும் போனால் சிவப்பு. எல்லாம் 100 கிராமுக்கு. உங்கள் பொதியில் இருப்பதோ 30 கிராமுக்கு 7. நூறுக்கு மாற்றினால் 23 கிராமைத் தாண்டுகிறது. பச்சை என்று நினைத்த பிஸ்கட் சிவப்பு. "ஒரு பரிமாறலுக்கு" என்று சின்ன எண்ணைப் போடுவது பல நாடுகளில் வழமை, அதை மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் நம் வட்டத்தின் எல்லைகளோடு அந்த எண்ணை நேராக ஒப்பிடக்கூடாது.

பிஸ்கட்டில் வட்டம் இல்லாதது பற்றி வாதாட முன்னர், பொதியைத் திருப்பி இன்னொன்றைப் பாருங்கள். இலங்கை இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உச்ச சில்லறை விலையும் ஸ்ரிக்கராகவாவது ஒட்டப்பட்டிருக்கிறதா? கல்முனை, காத்தான்குடிப் பக்கத்துக் கடைகளிலும் மட்டக்களப்பு நகரிலும் வளைகுடாவிலிருந்து பெட்டியில் வந்த சாமான்கள் இந்த விவரம் எதுவும் இல்லாமல் இறாக்கையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தந்து வீட்டில் சாப்பிடுவதைச் சட்டம் கேட்காது. கடையில் விலைக்கு வைத்தால் கேட்கும். அந்த விவரங்கள் இல்லாத பொதி என்றால், சோதனைக்கு வரும் அதிகாரிக்கு வட்டத்தை நிரூபிக்க வேண்டிய வேலையே இல்லை. அதைவிட இலகுவான குற்றம் கையில் இருக்கிறது.

மாமாவுக்கு உண்மையான ஆபத்து இந்தப் பிஸ்கட்டில்தான், பானத்தில் அல்ல. பானத்தைப் பொறுத்தவரை விற்பவரும் தடைக்குள் வருகிறார் என்பது சட்டத்தின் எழுத்து. ஆனால் வட்டத்தை அச்சடித்தவர் அவர் அல்ல. விநியோகஸ்தர் தந்த விலைச்சிட்டையைக் காட்டி, எப்போது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய கடைக்காரரைத் தாண்டி விசாரணை உற்பத்தியாளரிடம் போகும். பிஸ்கட்டுக்கு அவரிடம் அப்படி ஒரு துண்டும் இல்லையென்றால், கேள்வி அவரிடமே நின்றுவிடும். ஆகவே முறைப்பாடு கொடுக்குமுன் மாமாவிடம் நேரில் போங்கள். பான விலைச்சிட்டைகளைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இறக்குமதியாளர் விவரம் இல்லாத சாமான்களை இறாக்கையிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். ஆனால் வட்டத்தின் மேல் விலை ஸ்ரிக்கரை ஒட்டி மறைப்பது, இருப்பதைச் சுரண்டி எடுப்பது எதுவும் வேண்டாமென்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். லேபலை மாற்றுவதும் அழிப்பதும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். கம்பனியின் பிழையை அவர் தன் தலையில் தூக்கிப்போட்டது போலாகிவிடும்.

இனி எங்கே போவது. இரண்டு கதவுகள் உண்டு, இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

கம்பனி மீது நடவடிக்கை வேண்டுமென்றால் களுவாஞ்சிகுடி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள். அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உணவுச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர். கடைக்கு வந்து தானே மாதிரி எடுப்பார். நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் போத்தல் அவருக்கு வழிகாட்டும், ஆனால் பகுப்பாய்வுக்கான சான்றாக அவர் முறைப்படி எடுக்கும் மாதிரிதான் செல்லும். வழக்குத் தொடர்வதென்றால் நீதவான் நீதிமன்றத்தில். நீங்கள் சாட்சியாக அழைக்கப்படலாம், வழக்காளி அல்ல. சட்டத்தரணிக்குக் காசு செலவழிக்க வேண்டியதும் இல்லை.

காசு திரும்ப வேண்டுமென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். போன மாதம் வாங்கினீர்கள் என்பதால் காலம் இருக்கிறது, இழுத்தடிக்காதீர்கள். விசாரித்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. "விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது" என்று கடையில் தொங்கும் பலகை அந்த அதிகாரத்தைத் தடுக்காது. சிட்டை வாங்கவில்லையென்றால் மாமாவிடம் இப்போதே கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. தொலைபேசியில் சொல்ல 1977 என்ற இலக்கம் இருக்கிறது, ஆனால் தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்று எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

கணவரின் சீனி ஏறியதற்கு நட்டஈடு என்பதில் உங்களுக்கு நம்பிக்கை தர முடியாது. அந்த வாரம் அவர் என்ன சோறு சாப்பிட்டார், மருந்து தவறவிட்டாரா, தேநீரில் என்ன போட்டார் என்று எதிர்த்தரப்பு ஒவ்வொன்றாகக் கேட்கும். அந்தப் பானம்தான் காரணம் என்று வைத்தியர் சாட்சி சொல்வது கடினம். சொன்னாலும் சிவில் வழக்கின் செலவு கிடைக்கும் தொகையைத் தின்றுவிடும். போத்தல்களின் விலையோடு நிறுத்துங்கள்.

மகனுக்கு: போத்தலின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படத்தையும், 11 கிராம் என்ற எல்லையையும் போட்டால் அது உண்மை, பொதுமக்களுக்குப் பயனும் உண்டு. அவதூறு வழக்கில் அதுவே எதிர்வாதம். "கள்ளக் கம்பனி", "ஏமாற்றுக் கடை" என்று எழுதினால், அல்லது மாமாவின் கடைப் பலகையையும் சேர்த்துப் போட்டால் நிலைமை வேறு. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும் சிவில் அவதூறு இன்னும் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு முதல் பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கடிதங்களையும் தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. வாங்கிய திகதி, கடை, பானத்தின் பெயர், தொகுதி இலக்கம், வட்டத்தின் நிறம், அட்டவணையில் உள்ள எண் ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.