கோவா திரைப்பட விழாவின் இளம் படைப்பாளிகள் போட்டி: எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது?

உங்களுக்கு வயது 22, திரைப்படக் கல்லூரியில் படித்ததில்லை, எழுத்து முதல் படத்தொகுப்பு வரை எல்லாவற்றையும் தனியாகவே செய்து கைபேசியில் மூன்று குறும்படங்கள் எடுத்திருக்கிறீர்கள். கோவாவில் நடைபெறும் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் 'கிரியேட்டிவ் மைண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' போட்டிக்கு இயக்கப் பிரிவில் விண்ணப்பித்தால் வாய்ப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பியுங்கள், ஆனால் எந்தப் பிரிவு என்பதை மட்டும் மறுபடி யோசியுங்கள் என்பதே என் பதில்.

நாட்டின் 75ஆம் விடுதலை ஆண்டையொட்டி, 35 வயதுக்கு உட்பட்ட 75 பேரைத் தேர்ந்தெடுக்கும் திட்டமாக 2021இல் இது தொடங்கியது. அவ்வாண்டு தேர்வானவர்களில் மிக இளையவருக்கு வயது 16 என்பதால், 22 வயதில் பட்டம் இல்லையே என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். 2024இல் தேர்வு பெறுவோரின் எண்ணிக்கை 100 ஆக உயர்ந்தது. விண்ணப்பங்களும் ஆயிரத்தைத் தாண்டின. திரைத்துறையில் ஏற்கெனவே உதவியாளர்களாக வேலை செய்பவர்களும் போட்டியிடுகிறார்கள் என்பதால், இதை முழுமையான அமெச்சூர் போட்டி என்று சொல்லிவிட முடியாது.

நம்மில் பலர் கவனிக்கத் தவறுவது இந்தப் போட்டியின் அமைப்பைத்தான். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து நலன் குமரசாமியும் கார்த்திக் சுப்புராஜும் வந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை என்பதால், குறும்படப் போட்டி என்றாலே அது இயக்குநரைத் தேடும் போட்டி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கோவாவில் தேடப்படுவது ஒரு முழுப் படக்குழு. இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு, பின்னணிப் பாடல், இசையமைப்பு, கலை, ஆடை மற்றும் ஒப்பனை, அனிமேஷன் எனத் துறைவாரியாக ஆட்களை எடுக்கிறார்கள். முதலாண்டின் நடுவர் குழுவில் பாடலாசிரியர் பிரசூன் ஜோஷி, பாடகர் ஷங்கர் மகாதேவன், ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி ஆகியோர் இருந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

நான் இதை அறியாமல் விண்ணப்பித்தவன். 34 வயதில், வயது வரம்பு முடியும் தறுவாயில், நானே எழுதி, இயக்கி, படம்பிடித்து, வெட்டி ஒட்டிய 14 நிமிடப் படம் ஒன்றை இயக்கப் பிரிவுக்கு அனுப்பினேன். தேர்வாகவில்லை. இன்று அதைப் பார்த்தால் ஒளிப்பதிவு சுமார்தான், நடித்தவர்கள் என் அத்தை மக்கள்; வெட்டு மட்டும்தான் ஓரளவு உருப்படி. எல்லா வேலையையும் ஒருவரே செய்த படத்தில், எந்த வேலையில் அவருக்குத் திறமை என்பது பார்ப்பவருக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

என் கல்லூரியில் எனக்குப் பின் படித்த பெண் ஒருத்தி படத்தொகுப்புப் பிரிவில் தேர்வாகிக் கோவா சென்றாள். அவள் அனுப்பியது சமையலறையில் தாயும் மகளும் அதிகம் பேசாமல் பூண்டு உரிக்கும் காட்சி. யார் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவள் முடிவு செய்திருந்த விதத்தில்தான் அந்தக் காட்சியே இருந்தது. வேகமான வெட்டுகளும் அதிரடி இசையும் கொண்ட தொகுப்பை அனுப்பும்படி அப்போது நான் சொன்ன ஆலோசனையை, நல்லவேளையாக, அவள் கேட்கவில்லை.

தேர்வானவர்களை ஐந்து அணிகளாகப் பிரித்து, ஒரு கருப்பொருளைக் கொடுத்து, விழா நடக்கும்போதே ஒரு குறும்படத்தை எடுத்து முடிக்கச் சொல்வதுதான் போட்டியின் இரண்டாம் கட்டம். 53ஆம் விழா நடந்த 2022இல் அதற்கு 53 மணி நேரம் தந்தார்கள்; அடுத்த ஆண்டு 48 மணி நேரமானது. 2024இல் தரப்பட்ட கருப்பொருள், தொழில்நுட்ப யுகத்தில் மனித உறவுகள். அந்த ஆண்டு 'குல்லு' என்ற படமும், அதற்கு முந்தைய ஆண்டு 'ஓத்' என்ற படமும் சிறந்த படங்களாகத் தேர்வாயின.

அந்த இரண்டு நாள்களைப் பற்றி அவள் சொன்னவற்றில் என் நினைவில் நிற்பது மொழிச் சிக்கல். அவளுடைய அணியின் படம் இந்தியில் இருந்தது. திருநெல்வேலியில் வளர்ந்த அவளுக்கு இந்தி எழுத்துக்கூட்டித்தான் வரும். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, திரைக்கதை எழுதியவரை உட்கார வைத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் அதன் பொருளையும், எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்பதையும் தமிழில் குறித்துக்கொண்டிருக்கிறாள். நள்ளிரவில் கிளாப் போடாமல் எடுத்த ஷாட்கள் வந்து சேர்ந்தபோது, கோப்பைக் கீழே வைக்கும் ஓசையையும் கதவு சாத்தும் ஓசையையும் பிடித்துக்கொண்டு படத்தையும் ஒலியையும் பொருத்தியிருக்கிறாள். முன்பின் அறியாதவர்களோடு அந்த நெருக்கடியில் ஒரு வேலையைப் பொறுப்பேற்று முடிப்பதுதான் அங்கே சோதிக்கப்படுகிறது. தயாரிப்பு நிறுவனங்கள் பங்கேற்பாளர்களைச் சந்தித்து வேலைவாய்ப்பு பற்றிப் பேசும் திறனாளர் முகாமும் விழாவின்போது நடைபெறுகிறது. அங்கே "எல்லாம் செய்வேன்" என்பவரைவிட "இதைச் செய்வேன்" என்பவருக்குப் பேச்சு எளிது.

உங்கள் படங்களுக்கு வருகிறேன். இரவுப் பேருந்து நிலையத்தில், கடை விளக்குகளின் வெளிச்சத்தை மட்டும் நம்பி, ஏழு நிமிடம் ஒரே ஷாட்டில் ஒரு படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வெட்டே இல்லாத படம் என்பதால் படத்தொகுப்புக்கு அது உதவாது. வெளிச்சம் மாறுமிடங்களில் கேமராவை நீங்கள் எப்படி நகர்த்தினீர்கள் என்பது அதில் தெரியுமானால், ஒளிப்பதிவுப் பிரிவுக்கு அதையே அனுப்புங்கள். மாதிரிப் படைப்பின் நீள வரம்பும் கோப்பு விதிகளும் அறிவிப்பிலேயே இருக்கும்; படத்தை வெட்டுவதற்கு முன்பே அவற்றைப் படித்துவிடுங்கள். பின்னணியில் தேநீர்க் கடை வானொலியின் சினிமாப் பாட்டு ஏதேனும் பதிவாகியிருந்தால், உரிமைச் சிக்கல் வராதபடி அந்த இடத்தின் ஒலியை மட்டும் மாற்றிவிடுங்கள்.