மூலிகைச் சேர்மங்களைக் கணினியில் அலசினால் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிடுமா?

கணினியிலிருந்து நேராக மருந்து வந்துவிடாது. ஆயிரக்கணக்கான சேர்மங்களில் எவற்றை முதலில் ஆய்வகத்தில் சோதிக்கலாம் என்ற பட்டியல்தான் வரும். கணினிவழி மருந்துத் தேடலில் வேலை செய்பவன் என்பதால், 'மூலிகையில் புற்றுநோய் மருந்து' என்று செய்தி வரும்போதெல்லாம் உறவினர்கள் என்னிடம் கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான்.

தேடலுக்கு முதலில் சேர்மங்கள் வேண்டும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தினர் உருவாக்கிய 'இம்பாட்' தரவுத்தளம் 2018இல் 1,742 இந்திய மூலிகைகளோடு வெளிவந்தது. இப்போது அதில் 4,010 தாவரங்களும் ஏறத்தாழ 18,000 சேர்மங்களும் இருக்கின்றன. நம் மூலிகை அறிவை இப்படி ஒழுங்குபடுத்தித் தந்ததைப் பெரிய தொண்டாகவே நினைக்கிறேன்.

அடுத்து, புற்றுச் செல் பெருகுவதற்குத் துணைபோகும் ஒரு புரதத்தை எடுத்துக்கொள்வோம். நுரையீரல் புற்றில் பேசப்படும் இ.ஜி.எஃப்.ஆர். ஒரு நல்ல உதாரணம். அதன் குழிவுக்குள் ஒவ்வொரு சேர்மத்தையும் பல கோணங்களில் பொருத்திப் பார்த்து, எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் என்று 'ஆட்டோடாக் வினா' போன்ற மென்பொருள் மதிப்பிடும். இதற்கு டாக்கிங் என்று பெயர்.

சிக்கல் அந்த மதிப்பெண்ணில் இருக்கிறது. பெரும்பாலான கணக்கீடுகளில் புரதம் அசையாமல் நிற்கிறது. உடலுக்குள் அது ஓயாமல் அசைகிறது. பெரிய மூலக்கூறுகளுக்கு மதிப்பெண் தானாகவே கூடும். அதனால் இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தைத் தடுக்கும் எர்லோட்டினிப் போன்ற தெரிந்த மருந்தை மென்பொருள் சரியான இடத்தில் வைக்கிறதா என்று பார்த்த பிறகே புதிய சேர்மங்களைத் தொட வேண்டும். அந்தச் சோதனை இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

சேர்மம் குடலைத் தாண்டி இரத்தத்தில் கலக்குமா என்பதும் அந்த மதிப்பெண்ணுக்குத் தெரியாது. மஞ்சளின் குர்குமின் எத்தனையோ டாக்கிங் கட்டுரைகளில் முன்னணியில் நிற்கிறது. ஆனால் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது, விரைவில் சிதைந்தும் போகிறது. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்தும் முறையான இரட்டை மறைப்புச் சோதனைகளில் ஒன்றில்கூட அது வெற்றி பெறவில்லை என்று 2017இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுரை எழுதியது.

இதனால் மூலிகைகளில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நம் ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியை 1950களில் கனடாவில் நீரிழிவுக்காகச் சோதித்தார்கள். எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்ததைக் கவனித்ததால் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியின் வின்கிரிஸ்டின் இன்றும் இரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. ஒரு கிராம் பிரிக்கவே பெருமளவு உலர்ந்த இலை தேவை. அளவு சற்றுக் கூடினாலும் நரம்புகளைத் தாக்கும் மருந்து அது. எனவே அந்த இலையைக் கஷாயமாக வைத்துக் குடிக்காதீர்கள், அது நஞ்சு.

வீட்டில் எவரேனும் கீமோ சிகிச்சையில் இருந்தால், எந்த மூலிகையையும் மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். சில மூலிகைகள் கல்லீரலில் அந்த மருந்து சிதையும் வேகத்தையே மாற்றிவிடும்.