வேகம் சரி, எதைப் பொறுத்து?

எஸ்5-எச்விஎஸ்1 என்ற விண்மீன் பால்வீதியை விட்டே ஓடிக்கொண்டிருப்பதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி புதுத் தலைப்புடன் மறுபடியும் சுற்றுக்கு வந்திருக்கிறது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, மணிக்கு 60 லட்சம் கிலோமீட்டர் வேகமாம். நம் மீது மோதிவிடாதா?

மோதாது. அது 29,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. போவதும் வெளிப்பக்கமாக. இந்த வேகத்திலும் ஓர் ஒளியாண்டைக் கடக்க அதற்குச் சுமார் 170 ஆண்டுகள் பிடிக்கும். வானியலாளர்கள் நொடிக்கு 1,755 கி.மீ. என்றுதான் எழுதினார்கள். அதை ‘மணிக்கு’ என்று மாற்றியது தலைப்பு வைத்தவரின் கைவண்ணம். அவர் கணக்கில், நாற்காலியில் சாய்ந்து இதைப் படிக்கும் நீங்களும் பூமியோடு சேர்ந்து மணிக்கு ஒரு லட்சம் கி.மீ.க்கு மேல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஓரிடத்தில் 1,755 என்றும் இன்னோரிடத்தில் 1,017 என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. இன்று வந்தவற்றில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டைதான் நிறமாலை. அதில் ஹைட்ரஜன் தரும் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும். நம்மை விட்டு நொடிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் விலகும் விண்மீனின் நிறமாலையில் அதே கோடு 658.5-க்கு நகர்ந்திருக்கும். அந்த இரண்டேகால் நானோமீட்டர் நகர்விலிருந்துதான் வேகம் பிடிபடுகிறது. ஆனால் அது நம் பார்வைக்கோட்டில் விலகும் வேகம் மட்டுமே. பக்கவாட்டில் நகர்வது அதில் சேராது. நாமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை, சூரியனே பால்வீதியின் மையத்தை நொடிக்கு 220 கி.மீ.க்கு மேல் சுற்றிவருகிறது. இவற்றையும் கணக்கில் சேர்த்து, பால்வீதியைப் பொறுத்துப் பார்த்தால் 1,755. எதைப் பொறுத்து என்று சொல்லாத வேகத்தைப் படிப்பது, ஊர்ப்பெயர் போடாமல் தூரம் மட்டும் எழுதிய மைல்கல்லைப் படிப்பது போல.

அதை யார் அப்படித் தூக்கி எறிந்தது?

சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கைகோத்துச் சுற்றும்போது ஒருவர் பிடி நழுவினால் மற்றவர் எங்கே போய் விழுவார்? ஜோடி விண்மீன்கள் பால்வீதி மையத்துக் கருந்துளையை நெருங்கினால் ஒன்றை அது பிடித்துக்கொள்ளும், மற்றது வீசியெறியப்படும் என்று வானியலாளர் ஜாக் ஹில்ஸ் 1988-இல் சொன்னார். பால்வீதியிலிருந்து தப்பியோடும் முதல் விண்மீன் 2005-இல் கிடைத்தது. எஸ்5-எச்விஎஸ்1 வந்த பாதையைப் பின்னோக்கிக் கணித்தால், சுமார் 48 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மையத்திலிருந்து கிளம்பியது தெரிகிறது.

தப்பியோடும் விண்மீன்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதாக முன்பு படித்தேன். பிறகு பேச்சே காணோமே?

ஏனென்றால் திருத்தம் செய்தியாவதில்லை. காதருகே பறக்கும் கொசு கண்ணுக்கு விமானத்தைவிட வேகமாகத் தெரியும். தொலைவு தெரியாமல் பக்கவாட்டு வேகம் தெரியாது. தொலைவை இரு மடங்காகத் தவறாக எடுத்தால் அந்த வேகமும் இரு மடங்காகிவிடும். விண்மீன்களின் தொலைவையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகள் 2018-இல் வெளிவந்ததும், பழைய பட்டியலில் இருந்த சூரியனைப் போன்ற விண்மீன்களில் ஏறக்குறைய எல்லாமே பால்வீதியின் பிடிக்குள் இருப்பவைதான் என்று தெரிந்தது. அவை ‘தப்பியோடக்கூடும்’ என்றுதான் ஆய்வாளர்களும் எழுதியிருந்தார்கள். அந்த ‘கூடும்’ செய்தியறைக்கு வரும் வழியில் விழுந்துவிட்டது.

பர்னார்டு விண்மீன்தான் வேகமானது என்று பள்ளியில் படித்தேனே?

மறுபடியும் கொசுதான்! அது 6 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் வானில் இடம் மாறுவது நன்றாகத் தெரிகிறது. அப்படியும் முழுநிலவின் அகலம் அளவு நகர 170 ஆண்டுகளுக்கு மேலாகும். சூரியனைப் பொறுத்து அதன் வேகம் நொடிக்குச் சுமார் 140 கி.மீ.

செய்தியோடு வந்த படத்தில் எஸ்5-எச்விஎஸ்1-க்கு ஒரு நீல வால் இருக்கிறதே, அது பைனாகுலரில் தெரியுமா?

வாலே கிடையாது, அது ஓவியர் வரைந்தது. கொக்கு விண்மீன் குழுவில் இருக்கும் அந்த விண்மீன், வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லையைவிடச் சுமார் 10,000 மடங்கு மங்கல். தொலைநோக்கியில் எடுத்த படத்திலும் அது ஒரு புள்ளிதான்.