அமெரிக்க டிப்ளமோவுக்கு 2.4 லட்சம் கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு 13 வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம், நன்றாகப் படிக்கிறாள். கணவருக்கு சிப்காட்டில் வேலை, கைக்கு 42,000 வருகிறது. நான் டீச்சராக இருந்தேன், இவளுக்காக வேலையை விட்டேன். சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வது என்று தேடியபோது புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட் கிடைத்தார். ஆன்லைனில் அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளமோ, 24 கிரெடிட், நான்கு வருடம், மொத்தம் 2.4 லட்சம், உலகம் முழுக்கச் செல்லும் என்கிறார். 5,000 முன்பணம் அனுப்பிவிட்டோம். செல்வமகள் கணக்கில் 3.8 லட்சம் இருக்கிறது. அதை எடுப்பதா, நகையை அடகு வைப்பதா? மகளுக்குக் கடல் உயிரியல் படிக்க ஆசை. (பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்: சகோதரி, இரண்டுமே வேண்டாம். இந்த டிப்ளமோவே வேண்டாம்.

முதலில் அந்த 24 கிரெடிட் (பாடங்களை முடித்ததற்குத் தரும் புள்ளி) விஷயம். அது ஃப்ளோரிடா மாதிரி மாநிலங்களில் அரசுப் பள்ளி மாணவர்கள் டிப்ளமோ வாங்க முடிக்க வேண்டிய கணக்கு. அங்கேயே வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது, பல மாநிலங்களில் எதைப் படித்தால் முடித்ததாகக் கொள்ளலாம் என்பதைப் பெற்றோரே தீர்மானித்து டிப்ளமோவையும் அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதனால் அங்குள்ள கல்லூரிகள் அந்தத் தாளை மட்டும் பார்ப்பதில்லை, என்ன படித்தாள், என்ன தேர்வு எழுதினாள் என்று கேட்கும். ஆன்லைன் பள்ளி என்றால் யார் அங்கீகாரம் கொடுத்தது என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளைப் பார்த்தேன். தங்க நிறத்தில் பெரிய முத்திரை இருக்கிறது, கழுகு இருக்கிறது, அங்கீகாரம் தந்த அமைப்பின் பெயர் எங்குமே இல்லை. முகவரி என்ற இடத்தில் ஒரு வாட்ஸ்அப் எண். கீழே பொடி எழுத்தில் 'பதிவுக் கட்டணம் 25,000 திருப்பித் தரப்படாது' என்று போட்டிருக்கிறார்கள், அதை மட்டும் மறக்கவில்லை.

ஒருவேளை உண்மையான பள்ளியாகவே இருந்தாலும், இங்கே ஒரு கல்லூரியில் சேர அது நம்முடைய 12-ஆம் வகுப்புக்குச் சமம் என்று தனியாகச் சான்று வாங்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் முடித்த வெளிநாட்டு டிப்ளமோவுக்கு அது சுலபமாகக் கிடைக்காது. பின்னாளில் அமெரிக்காவுக்கே போய்ப் படிக்க நினைத்தாலும் நம் ஊர் 12-ஆம் வகுப்பு மார்க் ஷீட்டோடு விண்ணப்பிக்கலாம். பிறகு எதற்கு இந்த 2.4 லட்சம்?

உங்கள் மகளுக்கான வழி என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் கல்வி வாரியம், 1989-இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருந்தால் போதும். டிசி இல்லையே என்று பயப்பட வேண்டாம், எட்டாவது சான்றிதழ் இல்லாவிட்டாலும் படிக்கத் தகுதி இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒரு மொழிப்பாடத்தையும் சேர்த்து ஐந்து பாடம் தேற வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒரு பாடம் போனாலும் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பத்து முடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் 12 சான்றிதழ் தருவார்கள், ஆக 17, 18 வயதில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தே கல்லூரிக்குப் போய்விடுவாள். சேர்க்கை, தேர்வு, செய்முறை எல்லாம் சேர்த்தாலும் செலவு சில ஆயிரம்தான். இணையத்தில் நீங்களே நேரடியாகச் சேருங்கள். நடுவில் 'பாஸ் கேரண்டி' என்று முப்பதாயிரம், நாற்பதாயிரம் கேட்கும் சென்டர்கள் உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிரிட்டனின் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரியான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ பற்றியும் யாராவது சொல்வார்கள். நல்ல தேர்வுதான், ஆனால் தனித்தேர்வராக எழுத ஒரு பாடத்துக்கு ஆகும் செலவில் என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்பையே முடித்துவிடலாம், அப்புறம் 12-ஆம் வகுப்புக்குப் பதிலாக ஏ லெவல் தேர்வும் எழுத வேண்டும். உங்கள் வருமானத்துக்கு அது தேவையில்லை.

பாடத் தேர்வில் மட்டும் அவசரப்படாதீர்கள். சுலபம் என்று ஓவியம், மனையியல் எடுத்து கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. கடல் உயிரியலுக்குப் போகிறவள் 10-இல் கணக்கு, அறிவியல், 12-இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தே ஆக வேண்டும். ஜேஇஇ எழுத நினைத்தால் என்ஐஓஎஸ்ஸில் ஐந்து பாடம் கட்டாயம். நீட் எழுதவும் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தடையில்லை, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2024-இல் முடிந்த விவகாரம். உங்களுக்கு பரங்கிப்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள், என்ன டிகிரி படித்தால் அங்கே சேரலாம் என்று அவளே கேட்கட்டும்.

சில இழப்புகளையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்படிப்புச் சேர்க்கையில் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் இவளுக்குக் கிடைக்காது. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பதிவு இல்லாததால் பொறியியல் கலந்தாய்வு மாதிரி இடங்களில் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள், இ-சேவையில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மனம் மாறிப் பள்ளிக்கே அனுப்ப நினைத்தால் 14 வயதுக்குள் செய்யுங்கள், கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டியது அவர்கள் கடமை, அதன் பிறகு கதவு குறுகிவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். செல்வமகள் கணக்கில் நீங்கள் நினைத்தாலும் இப்போது கை வைக்க முடியாது. 18 வயது ஆக வேண்டும் அல்லது பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், அப்போதும் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதிவரைதான், அதுவும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்டினால். அது அவள் கல்லூரிக்கான பணம், அங்கேயே இருக்கட்டும். நகையும் பீரோவிலேயே இருக்கட்டும். நான்கு வருடம் ஏஜென்டுக்குக் கட்ட நினைத்த 2.4 லட்சம் மாதத்துக்கு 5,000 ஆகிறது. அதையே தபால் நிலைய ஆர்.டி.யில் போடுங்கள், 6.7 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் சுமார் 3.56 லட்சம் வரும், சரியாக அவளுக்கு 18 ஆகும்போது. அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படிக்க அதில் பாதிகூடத் தேவைப்படாது. இடையில் வேதியியலுக்கும் கணக்குக்கும் நல்ல டியூஷன் வைக்க வேண்டுமென்றால் ஆர்.டி.யை முதலிலேயே 3,500-க்குத் தொடங்குங்கள், செய்முறைப் பயிற்சிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். வருமான வரிச் சலுகைக்கு இந்த டியூஷன், பயிற்சிச் செலவையெல்லாம் காட்டலாமா என்றால் முடியாது, படிப்புச் செலவில் அந்தச் சலுகை முழுநேரக் கல்வி நிறுவனத்துக்குக் கட்டும் டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் படிப்பின் பெரிய செலவு நீங்கள் விட்ட சம்பளம்தான். வீடே ஒருவர் வருமானத்தில் ஓடுகிறது, அவரும் சிப்காட்டில் வேலை பார்க்கிறார், அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இல்லையென்றால் இந்த மாதமே குறைந்தது 50 லட்சத்துக்கு எடுங்கள், ஆர்.டி.யைக்கூட அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். பகலில் மகளோடு இருக்கும் நேரம் போக, சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு நீங்களே டியூஷன் எடுக்க முடியுமா என்றும் யோசியுங்கள்.

அந்த 5,000 முன்பணத்தைப் போனில் கேட்காதீர்கள். சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுத்தில் கேளுங்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. பாக்கிப் பணத்துக்கு அவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் இனி ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.